ஷட்டருக்குள்ளிருந்து வந்த அழைப்பு

பேய், பில்லி சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்கு எதற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோவில் புடவை காட்டி விற்கிற கடை. முந்தானையை விரிக்கும் நேரம் பார்த்துப் படம் உடையும். வருகிற தகவலைக் கொஞ்சம் பிடித்து வைக்கிற இடத்தை பஃபர் என்போம், அது சின்னதாக இருந்ததுதான் கோளாறு. வீடியோ மென்பொருள் ஓடியது கன்டெய்னர் என்கிற தனித் தடுப்புக்குள். பஃபர் அளவை அதற்குள்ளிருந்து தொட முடியாது, மொத்த மெஷினுக்கும்தான் மாற்ற வேண்டும், மாற்றினால் பில்லிங் வரைக்கும் பாதிக்கும். உள்ளிருந்தே மாற்ற வசதி சேர்த்த புதுக் கெர்னலை, அதாவது மெஷினை இயக்குகிற அடிப்படை மென்பொருளை, போடலாம் என்று, வியாபாரம் இல்லாத தேர் அன்றைக்குக் காலையில் போய் உட்கார்ந்தேன்.

சர்வர் இருப்பது பின்னால், முன்பு சரிகை பூட்டி வைத்த அறை. ஜன்னல் கிடையாது, மோட்டார் ஷட்டர். ஏசி குளிர் வெளியே போகக் கூடாதென்று நானே அதை இறக்கினேன். பஃபரைப் பெரிதாக்கி முடித்தேன், கரண்ட் போனது. தேர் தெருவுக்குள் திரும்பினால் கரண்டை நிறுத்துவார்கள் என்று இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டது. ஷட்டரைக் கையால் ஏற்றுகிற சங்கிலி வெளிப்பக்கம்.

எனக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரும் போனும் பையில், பை முன்னால் கல்லாவில். யுபிஎஸ்ஸில் சர்வர் மட்டும் ஓடி அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. வைஃபை செத்துவிட்டது. ஷட்டரைக் கை வலிக்கத் தட்டினேன், அந்த மேளத்திலும் கோவிந்தா சத்தத்திலும் யார் காதில் விழும்? நெஞ்சு இறுகி, குரலே எழும்பவில்லை. செத்துத்தான் போகப் போகிறேன் என்று பயந்து அழுதேன்.

ஷட்டர் ஏறியது. கடையில் புடவை காட்டுகிற ரேவதி, தேர் பார்க்க வந்தவள், என் பையோடு நின்றாள். இன்ஹேலரை இழுத்து, மூச்சு வந்த பிறகு, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்கதானேக்கா டேப்ல வந்து, பையை எடுத்துக்கினு வான்னு சொன்னீங்க?"

டேப் என்றால் வீடியோ விற்பனைக்கு முன்னால் வைத்திருக்கிற டேப்லெட். நம்பினால் நம்புங்கள், அந்த அறையில் கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. டேப்புக்கு நெட்டும் இல்லை. சாமி காப்பாற்றியது என்று அதோடு விட்டிருப்பேன். என்னை வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு டேப்பை அணைக்கப் போனவள், முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"அக்கா, நீங்க இன்னும் அதுல பேசிக்கினு இருக்கீங்க. ஷட்டர் தொறக்கவே இல்லன்னு அழுவுறீங்க."

நான் ஓடிப் பார்ப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. பஃபரைப் பெரிதாக்கினோமே, பழையது தேங்கி நின்று தாமதமாக வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளே நான் ஒரு வார்த்தை பேசவில்லையே.

அந்தக் கன்டெய்னருக்கு நெட் தொடர்பையே அறுத்துவிட்டேன். வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. இன்றைக்கும் எட்டிப் பார்த்தால் அதன் பஃபரில் யாரும் படிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடியிருக்கிறது. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அழித்துவிடலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தேன். உள்ளே, ஷட்டர் திறக்காமலே போன இன்னொரு நான் இன்னும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தால்?