பஸ் என்றால் போதும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் இட்லிக்கடை வைத்திருக்கிறோம். நாலு பெஞ்சு, ஒரு தோசைக்கல், உச்சி மண்டையில் ஏறும் மிளகாய்ச் சட்னி. அந்தச் சட்னிக்காகவே செல்லூர்த் தறிக்காரர்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும் தேடி வருவார்கள்.

ராமேஸ்வரம் போகிற வடக்கத்தி டூரிஸ்ட் பஸ் ஒன்று ஒருநாள் எங்கள் சந்து முனையில் நின்றது. திமுதிமுவென்று நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். நான் சாம்பார் ஊற்ற ஊற்ற, கையைக் குறுக்கே நீட்டி "பஸ், பஸ்" என்றார்கள். பாவம், பஸ் போய்விடுமென்று பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "பஸ்ஸு எங்கயும் போகாதும்மா, டிரைவரே இங்கதான் சாப்புடுறாரு" என்று ஆளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன். இலையில் சாம்பார் குளம் கட்டியது. டிரைவர் புரையேறச் சிரித்துவிட்டு, "யக்கா, அவுக பாஷையில பஸ்ஸுன்னா போதும்னு அர்த்தம்" என்றார். பக்கத்து பெஞ்சு ஆட்டோக்காரர்களெல்லாம் சிரித்ததில் எனக்கு மானமே போயிற்று.

டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்றோம். அப்புறம் தினம் மூன்று பஸ் வந்தது. அந்தச் சனங்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சந்தே செழித்தது. பூக்காரம்மா இந்தியில் பேரம் பேசினாள், இலைக்காரர் விலையை ஏற்றினார், நாங்களும் ஏற்றினோம். சப்பாத்தி வந்தது, சாம்பாரில் வெல்லம் விழுந்தது. பஸ்ஸில் வந்த ஒரு பெரியவருக்கு விக்கல் நிற்கவில்லை என்று மிளகாய்ச் சட்னியையும் நிறுத்தினேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். கடை திறந்த நாளிலிருந்து வருகிற ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், ஒருநாள் இரண்டாவது இட்லியில் கை வைத்திருந்தார். "அண்ணே, பஸ்ஸு வந்துருச்சு, செத்த எந்திரிங்க" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷனை! அவர் கை கழுவிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அவரோடு சேர்ந்து வருகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எனக்கு அதைக் கவனிக்க ஏது நேரம்?

பிறகு ரிங் ரோட்டில் பெரிய ஓட்டல் ஒன்று வந்தது. இருபது பஸ் நிற்க இடம், ஏசி ஹால். ஒரே வாரத்தில் எங்கள் சந்துக்கு வந்த பஸ்ஸெல்லாம் அங்கே திரும்பிவிட்டது. சுட்ட சப்பாத்தியை நாங்களே தின்றோம். "பழைய ஆளுக வந்தாத்தான் கடை. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் மிளகாயை அரைத்து வைத்துவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தேன். அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சட்னி அரைச்சிருக்கேன்."

"ஏந்தாயி, இன்னைக்குப் பஸ்ஸு வரலையா?"

"நான் செஞ்சது தப்புண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். நாலு இட்லி வைத்தேன், சட்னி வைத்தேன், சாம்பார் ஊற்றினேன். கொஞ்சம் கூடவே விழுந்தது. அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பஸ்ஸு, தாயி, பஸ்ஸு."

போதும் என்கிறாரா, அன்றைக்கு எழுப்பிவிட்டதைக் குத்திக்காட்டுகிறாரா? முகத்தைப் பார்த்தேன். மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பஸ்ஸு போயிருச்சுண்ணே. நீங்க உக்காந்து சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன்.