வேண்டாம் வேண்டாமென்று அம்மா நடத்திவைத்த கல்யாணம்

எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அழுதுகொண்டே படிக்க வேண்டாம். அம்மாவுக்குப் பிடிக்காது.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மாடியில் பிறந்தவர் அம்மா. அப்பா இளம் வயதிலேயே மறைந்தபின், தேக்காவில் ரவிக்கை தைத்தே என்னையும் தம்பி குமரனையும் வளர்த்தார். தம்பிக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. "மெதுவாத்தான் வருவான், ஆனா வந்துடுவான்" என்பார் அம்மா. பஸ் ஏறவும் சோறு வைக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவே விடமாட்டார்.

தம்பியோ, பயிற்சிப் பட்டறையில் உடன் வேலைபார்க்கும் மீனாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மீனாவுக்கும் அதே குறைபாடுதான். "எனக்கு அப்புறம் ஒருத்தனை யார் பாக்கிறதுன்னே தெரியல. இதுல ரெண்டு பேரா?" என்று பொரிந்து தள்ளினார் அம்மா. மீனாவின் தாயாருக்கும் அதே பயம். பேச்சை அடியோடு முடித்துவிடலாமென்று இருவரும் தேக்கா சாப்பாட்டுக் கடையில் கூடினார்கள். பிள்ளைகளைப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தோம்.

இரண்டு தாய்மாரும் ஒரே மனதாக "வேண்டாம்" சொல்லிக்கொண்டிருந்தபோது, மீனா தம்பியின் தட்டை எட்டிப் பார்த்தாள். "குமரா, சாப்ட்டுட்ட. மாத்திரை போடு." அவனும் மறுபேச்சில்லாமல் பையிலிருந்து வலிப்பு மாத்திரையை எடுத்து விழுங்கினான். அன்றைய பதற்றத்தில் அம்மா அதை மறந்தே போயிருந்தார். வீட்டில் அந்த மாத்திரைக்கு அவன் பிடிக்கும் அடம் கொஞ்சமில்லை.

"நான் சொன்னா ஓடுவான். அவ சொன்னா கேக்கிறான் லா!"

அது கோபமா பொறாமையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அம்மா மறுநாள் நாற்காலிக் காலில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி, தம்பிக்கு முடிச்சுப் போடப் பழக்கிக்கொண்டிருந்தார்.

தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டும் நாத்தனாரின் உரிமை. மண்டபத்தில் நான் பட்டுப்புடவையும் பெருமையுமாகக் கையை நீட்டினேன். தம்பி விடவில்லை. "அக்கா, எனக்குத் தெரியும்! நான் கத்துக்கிட்டேன்!" ஐயர் திருதிருவென விழித்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடுடி. அவன் பொண்டாட்டி, அவனே கட்டட்டும்."

மூன்றையும் அவனே போட்டான். அதற்குள் நாதஸ்வரக்காரர் ஊதிக் களைத்துப்போனார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவை அத்தனை சந்தோஷமாக அதற்குமுன் நான் பார்த்ததேயில்லை.

கிளமெண்டி வீட்டில் கடைசி மாதங்களில் அம்மாவுக்குக் கஞ்சி வைத்ததும் கால் பிடித்துவிட்டதும் தம்பியும் மீனாவும்தான். உடனிருந்த அண்டைவீட்டார், தாதியர், பட்டறை நண்பர்கள், சம்பந்தியம்மா ஆகியோரின் அன்பை எங்கள் குடும்பம் என்றும் மறவாது.

அம்மாவின் காரியத்தன்று பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, "இனிமே குமரனை யாரும்மா பாத்துக்கிறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பின்னால் சாம்பார் வாளியோடு வந்த தம்பியின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்னை மீனா பாத்துக்கிறா. மீனாவை நான் பாத்துக்கிறேன். நீங்க இன்னும் சாப்பிடல, உக்காருங்க பெரியப்பா."