இரண்டு வெற்று வரி

கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், போன ஐப்பசியில், இண்டூரில் கோகிலாவின் வீட்டில்.

வத்தல்மலையில் சாமை விதைப்பவர்களுக்கு மழை அளவு சொல்ல, ஓர் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே அதைக் கவனிப்பது கோகிலாவின் வேலை. பாதுகாப்புக்காக நேராக அந்த மெஷினுக்குள் விடமாட்டார்கள். முதலில் தர்மபுரி ஆபீசிலுள்ள நடு மெஷினுக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்துதான் மலைக்கு வழி. மலை மெஷின் படுத்துக்கொண்டால், அறைச் சாவி வைத்திருக்கும் மலை ஊர்க்காரர் மல்லையன் போய் சுவிட்சைப் போட்டு எழுப்புவார். எழுந்ததும் எண்டர் பட்டனை இரண்டு தட்டு தட்டுவார். கோகிலாவின் திரையில் இரண்டு வெற்று வரி ஓடும். வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

அன்று காலையிலிருந்தே மெஷின் மூச்சுவிடவில்லை. ஞாயிறு என்றும் பார்க்காமல் மேலதிகாரி நச்சரித்தார். பிற்பகல் 2.40க்கு அவள் மல்லையனுக்குப் போன் போட்டாள்.

"இடி ஓயட்டுங்க, போறேன்."

"அஞ்சு நிமிசம்தானேங்கண்ணா. போயிட்டு வந்துருங்க."

போனார்.

3.10. மலை மெஷின் எழுந்தது. இரண்டு வெற்று வரி. அப்பாடா என்று சாய்ந்தாள்.

போன் அடித்தது. மல்லையன் எண். பேசியது அவர் மனைவி கருப்பி.

"இடி வுழுந்து பாதி வழியிலயே போயிட்டாருங்க. ரூமு சாவி மடியிலயே கெடக்குது. ஆருங்க அவர இந்த மழையில போவச் சொன்னது?"



"தெரியலீங்க."

கோகிலா பொய் சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரையைப் பார்த்தாள். மலை இணைப்பு அறுந்திருந்தது. இப்போது அவள் இருப்பது நடு மெஷினில். அங்கேயும்... ஒரு வெற்று வரி. இன்னொன்று.

ஆபீஸ் பூட்டியிருக்கிறது. அங்கே ஆளே இல்லை.

நடு மெஷினிலிருந்தும் வெளியேறினாள். நெட் வயரைப் பிடுங்கினாள். இனி அவள் லேப்டாப் மட்டும்தான்.

டக்.

அவள் கைகள் மடியில் இருந்தன. எண்டர் பட்டன் தானாக அமுங்கி எழுந்தது.

டக்.

மலையிலிருந்து தர்மபுரி. தர்மபுரியிலிருந்து இங்கே...

அவள் மலை மெஷினுக்குள் போன வழியிலேயே.

"நான்தாங்கண்ணா போகச் சொன்னேன்..."

டக். டக். நிற்கவில்லை.

அவரிடம் சொல்லி என்ன? கருப்பிக்குப் போன் போட்டு, அதையே சொன்னாள். அந்தப் பக்கம் அழுகை மட்டும்.

பட்டன் நின்றது.

மறுநாள், கூட வேலை பார்க்கும் சந்துரு மலைக்குப் போய் அறையைத் திறந்தான். முந்தின நாள் காலை விழுந்த இடியிலேயே மெஷின் கருகிப் போயிருந்தது. மல்லையன் அறைவரை போயிருந்தாலும் எழுப்புவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பட்டன்கள் எல்லாம் கரி படிந்து கிடந்தன. எண்டரில் மட்டும் காயாத சேறு.