யன்னல் வீடுகளை விற்கப் போனது

அண்ணாந்து பார்த்தால் என் கணவருக்குத் தலை சுற்றத் தொடங்கியது. மற்ற நேரங்களில் ஒன்றுமில்லை. நடப்பார், வான் ஓட்டுவார். ஏணியில் நின்று மேல் யன்னலைப் பார்த்தால் மட்டும் எல்லாம் சுழல்கிறது என்றார். டொக்டர், இனி ஏணியில் காலே வைக்கக்கூடாது என்றுவிட்டார். யன்னல் துடைத்துச் சீவிக்கிற மனுசனுக்கு அதைச் சொன்னால் பிறகு என்ன மிச்சம்.

இந்தப் பிரெஞ்சு ஊரின் ஓரத்தில், இல்-பிசார் தீவில், எங்களுக்கு வாடிக்கை வீடுகள் இருந்தன. பனி உருகியதும் ஒருமுறை, இலை கொட்டி முடிந்ததும் ஒருமுறை போவோம். அவர் ஏறித் துடைப்பார். நான் ஏணியைப் பிடிப்பேன், வாளித் தண்ணீர் மாற்றுவேன், கீழ் யன்னல்களைச் செய்வேன். கதவைத் தட்டுவதும் கதைப்பதும் அவர் பாடு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் தமிழிலேயே எனக்கு வாய் வராது.

வாடிக்கையை விலைக்கு விற்கலாம் என்பதே கோயிலில் கண்ட ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர்தான் அந்தத் தம்பியை அனுப்பினார். இங்கேயே பிறந்து பிரெஞ்சில் படித்த பிள்ளை. லவால் பக்கம் ஆட்களை வைத்து யன்னல் துடைக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். விற்றால் இவர் ஏணி ஏறத் தேவையில்லை, வாடகைக்கும் கொஞ்சக் காலம் கவலையில்லை. எனக்கு அது மட்டும்தான் கணக்கு.

தம்பி எங்களைக் காரில் ஏற்றித் தீவைச் சுற்றினார். ஒவ்வொரு வீட்டின் முன்னும் நிறுத்தி விலை போட்டார். அடுத்தடுத்து இருக்கும் வீடுகளுக்கு விலை கூட. நீள ஏணி வேண்டிய வீடுகளுக்குக் குறைவு. ஒரு மூலை வீட்டைக் காட்டி, “இதிலை ஆர் இருக்கினம் அங்கிள்?” என்று கேட்டார்.

“ஒரு மடாம். தனிய இருக்கிறா. நல்ல மனுசி.”

“வயசாளியோ?”

“எங்களைவிடக் கூட.”

“அப்ப இதுக்கு ஒண்டும் போடேலாது. மனுசி செத்தால் வீடு போச்செல்லோ.”

“எனக்கு என்ன விலை போடுவீர் தம்பி?” என்றார் இவர். தம்பி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

பாதிக் காசு உடனே, மீதி வசந்தத்தில் என்று பேச்சு. வீடுகள் தம்பியை ஏற்றுக்கொள்ளாவிட்டால் தந்ததையும் திருப்ப வேண்டும். “என்ரை கார்டைக் குடுங்கோ. இனி நான்தான் வருவன் எண்டு சொல்லிவிடுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

நாங்கள் வீடு வீடாகப் போனோம். இவர் கார்டைக் கொடுத்து, நல்ல பிள்ளை, நல்லாய்ச் செய்வார் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். கை கொடுத்தார். வாசலை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரிடமும் முறையாகச் சொல்லிக்கொண்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வாளியில்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் நின்றேன்.

பனி உருகியதும் தம்பி போன் எடுத்தார். “அங்கிள், ஒருத்தரும் துடைக்க விடுகினமில்லை. நீங்கள் வருவியளாம், பாத்துக்கொண்டிருக்கினமாம். கடைசியா என்ன சொன்னனீங்கள்?”

“போயிட்டு வாறம் எண்டு சொன்னனான்.”

“பிரெஞ்சிலை?”

“ஓன் றெவியான்.”

“அது திரும்பி வருவம் எண்டெல்லோ அங்கிள்.”

“பின்னை எப்பிடிச் சொல்லுறது? செத்தவீட்டாலை எழும்பி வாறமாதிரிச் சொல்லாமல் வரவோ?”

எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. ஒரு வாசலில் நின்று போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது.

போய், ஃபினி, முடிந்தது, இனி வரமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லச் சொன்னார் தம்பி. போனோம். முதல் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, மெர்சி என்று நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனித் தன் மகன் துடைப்பான் என்று தம்பியின் கார்டைத் திருப்பித் தந்தார். அடுத்த வீட்டிலும் அதே கதைதான். இன்னொரு வீட்டில் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். சொன்னால் வீடு போகிறது. சொல்லாவிட்டால் தம்பிக்குக் கொடுக்க முடியாது. இவரைத்தான் அவர்களுக்குத் தெரியும். அதற்கு விலை போட யாருக்கும் வழியில்லை.

“சரிவராது அங்கிள். தந்த காசை அவசரமில்லாமல் ஆறுதலாத் தாங்கோ” என்றார் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் காசு பனிமாரி வாடகையோடு போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் மூலை வீட்டுக்குப் போனோம். வான் சத்தம் கேட்டு மடாம் தானே கதவைத் திறந்தா. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. மேல் யன்னலைக் காட்டி ஏதோ வேகமாகச் சொன்னா. ஒரு மாரியின் அழுக்கு அதில் படிந்திருந்தது. ஃபினி என்று சொல்லத்தான் இவர் வாயைத் திறந்தார்.

“ஏணியை இறக்குவம், பிடியும்” என்றார் என்னிடம்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன, திருப்பிக் கொடுக்கக் காசு வேண்டும்.

தலை சுற்றாமல் இருக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். மூடியபடியே துடைத்தார். அழுக்கு விடுபட்ட இடத்தைக் கீழே நின்று கையால் காட்டினேன். கண் மூடியிருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சத்தமாகவே சொல்லத் தொடங்கினேன்.

“இன்னும் கொஞ்சம் இடக்கைப் பக்கம். இன்னும் கொஞ்சம் மேலை.”