பன்றிக்குத் தீபாராதனை காட்டிய புனிதர்

இடுப்பில் அக்கி வந்தால் என்ன பாடு என்று வந்தவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணமான மறுவருஷம் எனக்கு வந்தது. புடவைக் கொசுவம் பட்டாலே உயிர் போகும். எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் தெருவில் அக்கிக்கு ஒரே வைத்தியர், எந்தக் காலத்திலோ காட்டில் தனியே தவமிருந்த ஒரு புனிதர். குணமானால் அவர் திருநாளுக்குள் கோயிலுக்கு ஒரு படம் எழுதி வைப்பதாக நேர்ந்துகொண்டேன். குணமாகிவிட்டது. நேர்ச்சை தவறினால் அக்கி இரட்டிப்பாகத் திரும்பும் என்று மாமியார் தினமும் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

திருச்சியில் படம் எழுதுகிறவர்கள் நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதப் போய்விட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படம் எழுதும் ஒருவர் ஒப்புக்கொண்டார். மாதிரிக்கு நான் வைத்திருந்த படத்தைக் கரையான் தின்றுவிட்டதால், நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். தாடிக் கிழவர், ஊன்றுகோல், பிசாசை விரட்ட மணி, வேதப்புத்தகம், அக்கிக்காக நெருப்பு, பக்கத்தில் அவர் கூடவே இருக்கும் பன்றி. பன்றி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முகம் மலர்ந்து சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரமண்டை!

திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது ஜட்கா பிடித்துப் போய், போர்த்தியிருந்த துணியை விலக்கினால் பகீரென்றது. சீட்டில் சொன்னது எதுவும் குறையவில்லை. ஆனால் பன்றி தங்கப் பீடத்தில், துளசி மாலையோடு வீற்றிருந்தது. கிழவர் எதிரே நின்று ஒரு கையால் மணியை ஆட்டி, மறு கையால் தட்டில் நெருப்பைக் காட்டினார். புத்தகம் மணைமேல் விரிந்திருந்தது. கோல் மரத்தில் சாத்தியிருந்தது. என் புனிதர் பன்றிக்குத் தீபாராதனை செய்துகொண்டிருந்தார்!

கோபத்தில் எனக்கு வாய் குழறியது. பன்றியைக் கீழே இறக்கினால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தேன்.

“வராகம் எங்களுக்குப் பெருமாள்மா. காலடியில உட்கார வைக்க என் கை வராது. வேற எதை வேணும்னாலும் மாத்தறேன்” என்றார் அவர்.

அழுதுவிட்டேன். அக்கி பயம்தான், வேறென்ன. அவர் பதறிப்போய்த் தூரிகையை எடுத்தார். மூன்று நாளில் பீடம் பாறையாயிற்று, மாலை காட்டுக்கொடியாயிற்று. தட்டு போய்த் தரையில் சுள்ளி எரிந்தது. மணி பன்றியின் கழுத்துக்குப் போனது. காலியான கைகளைக் கிழவர் குவித்துக்கொண்டார். பன்றி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

கோயிலில் வெள்ளைக்காரச் சாமியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வேண்டாம் என்றால் என் நேர்ச்சை போச்சு.

“எங்க ஊர்லயும் இவர் படத்துல மணி பன்றி கழுத்துலதான்” என்று சிரித்தார்.

திருநாளன்று தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது, படம் எழுதியவரும் கடைசி வரிசையில் கண்மூடிக் கைகூப்பி நின்றார். யாரைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியும். சாமியாரிடம் மூச்சு விடவில்லை. படம் எழுதிய நாளெல்லாம் அவர் விரதமாக ஒருவேளைதான் சாப்பிட்டார் என்று அவர் சம்சாரம் அப்புறம் சொன்னாள். நேர்ந்துகொண்ட நானோ மூன்று வேளையும் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அக்கி பிறகு எட்டிப்பார்க்கவில்லை. புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம், பன்றி இருக்கும் பக்கமும் ஒன்று வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.