குப்பைப் பையில் இருந்த ஆணிகள்

மண்ணுக்குள் கிடப்பது என்னவென்று காதால் கேட்டே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். தெப்ராவில் தொழிற்சாலை வேலை இல்லாத நாட்களில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பழைய காசு தேடக் கிளம்பிவிடுவேன். “குப்பை பொறுக்கக் கிளம்பிட்டியா?” என்பார் கணவர். அலமாரியில் வரிசையாக இருக்கும் நாலு மூலைச் செப்புக் காசுகளைக் காட்டி அவர் வாயை அடைப்பேன்.

ஒருநாள் எங்கள் கேண்டீன் அக்கா என் தட்டில் மீகோரிங் நூடுல்ஸை வைத்துவிட்டு நகராமல் நின்றார். அவர் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்து வந்தவர்கள் சேர்ந்து, தங்கள் முனியாண்டிக்குத் தெப்ராவில் சின்னக் கோயில் கட்டுகிறார்கள். பழைய இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்தால்தான் சாமியும் கூட வரும்; பிடிமண் என்பார்கள். ஆனால் சாமி இருந்த மரத்தையும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் தள்ளிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

“தோட்டத்து மண்ணுதானே, எங்க அள்ளுனா என்னங்கிறாங்க கோயில் கமிட்டியில. வெள்ளிக்கிழமை கல்லு வைக்கணும். வேற மண்ண வச்சா சாமி அங்கயே நின்னுரும் தங்கச்சி” என்றார். கண் கலங்கியிருந்தது.

“மரத்தடியில காசு போடுவாங்களா?”

“போடுவாங்க.”

“அப்ப கவலைய விடுங்கக்கா. காசுன்னா என் மெஷின் விடாது.”

ஞாயிற்றுக்கிழமை வழியில் யோங் பெங்கில் பசியாறிவிட்டு, தோட்ட மேனேஜரிடம் வாங்கிய அனுமதியோடு உள்ளே போனோம். ஓடையை வைத்து அக்கா குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினார். வரிசை வரிசையாக எல்லாம் ஒரே மாதிரி பனைகள். நான் தேட ஆரம்பித்தேன். முதல் அரைமணி நேரம் வெறும் ஆணிதான். தோண்டினால் ஆணி, தள்ளிப்போய்த் தோண்டினால் இன்னொரு ஆணி. இடிந்த வீட்டு ஆணிகள் என்று முடிவுகட்டி, இடுப்பில் இருந்த குப்பைப் பையில் போட்டேன். குழிகளை மூடிவிட்டு, இரும்புக்குச் சத்தமே போடாதபடி மெஷினை மாற்றினேன். காசு தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதன்பிறகு மெஷின் வாயே திறக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. அக்கா காலி டப்பாவோடு ஒரு பனையடியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தேன்.

“பாருங்கக்கா, காலையிலேர்ந்து இந்தக் குப்பைதான்.”

அக்கா ஓர் ஆணியை எடுத்தார். என் சுட்டுவிரலைவிட நீளம். சுத்தியலால் அடித்துச் செய்த பட்டறை ஆணி.

“இது வீட்டு ஆணி இல்ல. எங்க எடுத்தீங்க?”

“ஏன்க்கா?”

“பேய் புடிச்சவங்கள அந்த மரத்துக்கிட்டதான் கூட்டிட்டு வருவாங்க. உச்சி முடிய ஆணியில சுத்தி மரத்தோட அடியில அடிப்பாங்க. பேய் மரத்தோட நின்னுரும்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!”

அக்கா அந்த ஆணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. எந்த இரும்பு அடையாளமோ அதற்கே வாய்ப்பூட்டு போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் காசைத் தேடி அலைந்திருக்கிறேன். ஆணிகளைத் திரும்பப் பையில் அள்ளிப் போட்டு, மெஷினைத் திருப்பி மாற்றிக்கொண்டு காலையில் நின்ற பக்கமே போனேன். மூன்று பனைகளுக்கு நடுவில், ஒரு பெரிய மரத்தின் அடி அளவுக்கு வட்டமாக, மெஷின் விடாமல் கத்தியது. வட்டத்துக்கு வெளியே ஓரடி போனால் சத்தம் இல்லை. மரம் மக்கிப்போய், ஆணிகள் மட்டும் மண்ணில் தங்கியிருக்கின்றன. இந்தத் தடவை சந்தேகமே இல்லை. “இங்கதான்க்கா” என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சூடம் ஏற்றிக் கும்பிட்டு, வட்டத்தின் நடுவில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி டப்பாவில் போட்டார். அப்புறம் கையை நீட்டி என் பையையும் கேட்டார்.

“அந்த ஆணியெல்லாம் எதுக்குக்கா?”

“அதுல ஒன்னு எனக்கு அடிச்சது. எனக்கு அப்ப பத்து வயசு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ அலமாக், நான் புடுங்கிட்டேனேக்கா!”

அக்கா சிரித்துவிட்டார். ஆணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மண்ணோடு வைத்தார்.

“அந்தப் பேயும் வரட்டும் தங்கச்சி. நாங்கதான் எல்லாரும் கெளம்பிட்டோமே. அது மட்டும் இந்தச் செம்பனைக்குள்ள தனியா என்ன செய்யும்?”