தேவன் கை தூக்கிய இருநூற்றுப் பன்னிரண்டு தாள்

இசோபே கனேவோவுக்கு நான் இருபத்தேழாயிரத்து ஐந்நூற்று அறுபது யென் கடன்பட்டிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு தாள், தாளுக்கு நூற்று முப்பது யென். அன்று நான் அதைக் கடன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது எண்பத்து மூன்று வயதாகிறது, எவனுக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை. கடன்தான்.

அவன் போன வருடம் செத்துப்போனான். சாவு வீட்டுக்கு உறையில் பணம் போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். நான் அனுப்பவில்லை. என் கையால் வரும் உறை அவனுக்கு ஆகாது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகிதாவிலிருந்து பதினைந்து வயதில், வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ரயிலில் தோக்கியோவுக்கு வந்தவன். படிப்பு நடுநிலைப் பள்ளியோடு சரி. அச்சகத்தில் மை துடைத்தேன். கார்ட்டூன் படக் கம்பெனியில் தாள் சுமந்தேன், பிறகு பென்சில் பிடித்தேன். முப்பத்தொரு வயதில் தோக்கியோவின் நெரிமாவில் ஓர் அரிசிக் கடையின் மாடியில் சொந்தமாகப் படம் வரையும் கூடம் போட்டு, குரமோச்சி என்று என் பெயர்ப்பலகையை மாட்டினேன். பதினான்கு மேஜை. பல்கலைக்கழகத்தில் படித்த பதினொரு பேர் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். கடன் வாங்காமல், எவன் காலிலும் விழாமல் நடத்திய கூடம் அது. அந்த நாளில் நெரிமாவில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு ஆள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இசோபே இன்னொஷிமாத் தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். கப்பல் தொழில் படுத்தபோது வேலை போய், இருபத்தெட்டு வயதில் பென்சில் பிடிக்க வந்தான். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. பென்சிலையும் வெல்டிங் குச்சி மாதிரிதான் பிடிப்பான். ரொட்டிக் கடையில் வெட்டி ஒதுக்கும் ஓரங்களைப் பை முப்பது யென்னுக்கு வாங்கிவந்து, மேஜையிலேயே வைத்துத் தின்பான். முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவனுக்கும் என்னை. ஆனால் வரைகிற கை இருந்தது. கை இருப்பவனை நான் விட மாட்டேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு 'கல்முட்டி ரிகிச்சி' என்ற தொலைக்காட்சித் தொடரின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. ரிகிச்சி கல்லுடைப்பவன் மகன், கைமுட்டியால் மலையைப் பிளப்பவன். முப்பத்தெட்டாவது வாரத்தில் ஒன்பதாம் வானத்துத் தேவனையே சண்டைக்கு இழுக்கிறான். நூறு குத்து விடுகிறான். தேவன் நெஞ்சின் குறுக்கே கைகட்டி நிற்கிறான். இமைகூட அசையாது.

நான் அப்படி அமைத்ததற்குக் காரணம் பக்தி இல்லை, சிக்கனம். எங்களுக்கு வேலை கொடுக்கும் தாய்க் கம்பெனி ஒரு வாரக் கதைக்கு மூவாயிரத்து ஐந்நூறு தாளுக்குத்தான் பணம் தரும். மேலே போனால் என் பையிலிருந்து. அசையாத தேவனுக்கு ஒரே தாள் போதும். கேமராவை முகத்திலிருந்து கால்வரை மெல்ல இறக்கினால் பதினேழரை வினாடி ஓடிவிடும். மிச்சமாகும் தாளை ரிகிச்சியின் குத்துகளுக்குச் செலவு செய்யலாம். அந்தக் காட்சியை இசோபேயிடம் கொடுத்தேன். மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றான்.

"முதலாளி, இந்தத் தேவன் செவுரு மாதிரி நிக்கறான்."

"தேவன்னா அப்படித்தான். ரிகிச்சி குத்தினா அவனுக்கு ஈ மொய்ச்ச மாதிரி."

"செவுத்தக் குத்தறவனப் பாத்தா சிரிப்புத்தான் வரும். இவன் கட்டின கைய அவுக்கணும். அவுத்துத் தூக்கணும். அப்பத்தான் ரிகிச்சி யாரு முன்னாடி போய் நிக்கறான்னு தெரியும்."

"சரி, தூக்கட்டும். வேகமா தூக்கச் சொல்லு. மூணு தாள்ல முடிஞ்சுரும்."

"அவ்வளவு பெரிசு வேகமா நகராது முதலாளி. கப்பல் தண்ணியில எறங்கறதப் பாத்துருக்கீங்களா? முட்டுக் கட்டையத் தட்டி எடுத்ததும் ஒண்ணுமே ஆகாது. போச்சுடான்னு நெனப்போம். அப்புறம் பாத்தா ஒரு சாண் நகந்துருக்கும். எப்ப நகந்துச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"கப்பல் மேல அவ்வளவு ஆசை உள்ளவன் அங்கயே இருந்திருக்கலாமே?"

"தொரத்திட்டாங்க. நீங்களும் வேணா தொரத்துங்க. தேவன் கையத் தூக்குவான்."

பதினான்கு மேஜையிலும் பென்சில் சத்தம் நின்றது. எழுந்து நின்றேன்.

"ஒரு தாள். ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது தாளுக்கு ஒரு யென் கெடையாது. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

வெளியாட்கள் நினைப்பார்கள், வேகமாக ஆடினால் நிறையத் தாள், மெதுவாக அசைந்தால் கொஞ்சம் தாள் என்று. நேர்மாறு. கோபக்காரக் குத்து ஒன்றை மூன்று தாளில் முடித்துவிடலாம். மெதுவாக உயரும் கைக்கு முடியளவு முடியளவாகத் தள்ளி, தாள் தாளாக வரைய வேண்டும். அதில் ஒரு கோடு பிசகினாலும் திரையில் கை நடுங்கும். ரிகிச்சியின் நூறு குத்தை விட அந்த ஒரு கை எனக்கு அதிகச் செலவு வைக்கும். அதனால்தான் ஒரே தாள் என்றேன். அதில் இன்றும் எனக்கு வெட்கம் இல்லை.

அவன் ஒன்பது நாள் வரைந்தான், கொடுத்த மற்ற வேலையையும் முடித்துக்கொண்டே. வரைந்து முடித்த காட்சி ஒவ்வொன்றும் ஒரு காகிதப் பையில் போகும். பையில் என் முத்திரை இருந்தால்தான் வண்ணம் தீட்டுவார்கள். நான் திங்கட்கிழமை காலையில் அந்த வாரப் பைகள் எல்லாவற்றையும் வெறுமையாகவே அடுக்கிவைத்து, வரிசையாக முத்திரை குத்திவிடுவேன். நேரம் மிச்சம். ஒன்பது வருடம் அப்படித்தான் நடந்தது, ஒரு குறையும் வந்ததில்லை. இசோபே தன் தாள்களை அப்படிப்பட்ட ஒரு பையில் போட்டு, நேராகக் கீழே வண்ண அறைக்குக் கொண்டுபோய் என் மனைவி ஃபுசயேயிடம் கொடுத்துவிட்டான். எனக்குத் தெரியவந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டும் கண்ணாடித் தாளில் வண்ணமாகிக் காய்ந்துகொண்டிருந்தன. படப்பிடிப்புக்கு அரை நாள்தான் பாக்கி.

"யாரக் கேட்டுத் தீட்டின?" என்று ஃபுசயேயிடம் கத்தினேன்.

அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "பையில முத்திரை இருந்துச்சு. அது யாரோடது, என்னோடதா?"

"நீயாவது எண்ணிப் பாத்திருக்கணும்!"

"எண்ணறது உங்க வேலைன்னு ஊரெல்லாம் நீங்கதான சொல்லிக்கிட்டுத் திரியறீங்க?"

வேறு வழியில்லாமல் அப்படியே படம் பிடித்து அனுப்பினோம். சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. ரிகிச்சி குத்திக் குத்திக் களைத்து நிற்கிறான். தேவன் சும்மா நிற்கிறான். பிறகு, எப்போது என்று தெரியாமல், கை அவிழ்ந்திருக்கிறது. உயர்கிறது. என் மூத்த மகள் வாயிலிருந்த சோற்றை விழுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தாய்க் கம்பெனியிலிருந்து தொலைபேசி. தேவன் கை தூக்கியதைப் பாராட்டி, யார் செய்தது என்று கேட்டார்கள். "நான் சொல்லிக்கொடுத்துச் செய்ய வெச்சேன்" என்றேன். என் கூடத்தில் நடப்பது நான் செய்ததுதான். இசோபே இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து ரொட்டி ஓரம் தின்றுகொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் அவன் சம்பள உறையில் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு தாளுக்குக் காசு இல்லை. கேட்டான். சொன்ன வார்த்தையை மாற்ற மாட்டேன் என்றேன். அவன் அறை வாடகை பதினெட்டாயிரம். மூன்று மாதப் பாக்கி என்றும், பிப்ரவரிக்குள் கட்டாவிட்டால் சாமானை வெளியே வைப்பதாக வீட்டுக்காரி சொல்லிவிட்டாள் என்றும் ஃபுசயே சொன்னாள். என்னிடம் ஏன் சொல்கிறாய் என்றேன்.

இதோடு போயிருந்தால் போயிருக்கும். ஆனால் எங்கள் தொழிலில் பேங்க் என்று ஒன்று உண்டு. நன்றாக வந்த காட்சியின் தாள்களைப் பத்திரப்படுத்தி, பின்னணியை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. வரைந்தவனுக்கு இரண்டாம் முறைக்குக் காசு இல்லை, எங்கும் அதுதான் வழக்கம். தேவன் கை தூக்குவதை ஜனவரி முடிவதற்குள் ஏழு முறை பயன்படுத்திவிட்டேன். ஒவ்வொரு முறையும் பதினேழரை வினாடி செலவில்லாமல் ஓடியது. நல்ல லாபம்.

ஏழாவது முறை ஓடிய மறுநாள் காலை அவன் எல்லார் முன்னாலும் வந்து நின்றான்.

"ஏழு தடவ வித்துட்டீங்க. அந்த ஏழுக்கு நான் கேக்கல. மொத தடவைக்குக் குடுங்க."

"ரெண்டாவது தாளுக்கு ஒரு யென் கெடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"வாய் சொன்னது அது. பையில குத்தினது உங்க முத்திரை."

"முத்திரையப் பத்தி என்கிட்ட பேசறியா? கப்பல் தளத்துல தூக்கிப்போட்ட துரு நீ. உனக்குச் சோறு போட்டவன் நான்."

"சோறா? ரொட்டி ஓரம்." யாரோ சிரித்துவிட்டார்கள். "ரிகிச்சியாவது நூறு குத்து விட்டான். நான் ஒரே ஒரு தொகைதான் கேக்கறேன். அதுக்கே கையக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க."

"வெளிய போடா!"

போனான். மேஜையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் போனான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

தேவனின் பையும் அவனோடு போயிருந்தது. அது தெரிந்தது பிப்ரவரி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தொடரின் கடைசி வாரம், ரிகிச்சி இரண்டாம் முறை தேவன் முன் போய் நிற்கிறான், தேவன் கை தூக்குகிறான், இந்த முறை அந்தக் கையை ரிகிச்சி பிடித்து நிறுத்துகிறான். வியாழக்கிழமை காலை படப்பிடிப்பு. அலமாரித் தட்டில் பையைத் தேடினால் இல்லை. வேலை தவறினால் அடுத்த தொடர் எங்களுக்குக் கிடையாது, பதினான்கு மேஜைக்கும் கிடையாது.

ஆளனுப்பிக் கெஞ்சுகிற ஆளா நான்? என் மேஜையில் நானே உட்கார்ந்தேன். இவன் பிறந்த ஊரில் பென்சில் என்ன விலை என்று தெரியாத காலத்திலேயே வரைந்தவன் நான். மத்தியானத்துக்குள் நாற்பது தாள் வரைந்து, விரலிடுக்கில் பிடித்துப் புரட்டிப் பார்த்தேன். ஃபுசயே தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இன்னொரு தடவ புரட்டுங்க."

புரட்டினேன்.

"தேவன் மாதிரி இல்ல. ரயில்வே கேட்டு தூக்கற மாதிரி இருக்கு."

இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் சரியாக்கியிருப்பேன். இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, மூன்று பத்தாயிரம் நோட்டை வெள்ளை உறையில் போட்டு, சைக்கிளில் ஏகொதாவில் இருந்த அவன் அறைக்குப் போனேன்.

நாலரைப் பாய் விரிக்க மட்டும் இடமுள்ள அறை. போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தான். பை சுவரில் ஆணியில் தொங்கியது, என் முத்திரை வெளியே தெரியும்படி. வாசலிலேயே நின்றேன், செருப்பைக் கழற்றவில்லை. அவனும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"திருடன்னு போலீஸ்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லு குரமோச்சி." இத்தனை வருடத்தில் முதல்முறையாக முதலாளி போய், மரியாதையும் போய், மொட்டையாகப் பெயர் வந்தது. "காசு குடுக்காத தாள் யாரோடதுன்னு நானும் கேக்கறேன். முத்திரையக் காட்டியே கேக்கறேன்."

உறையை நீட்டினேன். வாங்கவில்லை.

"எவ்வளவு?"

"முப்பதாயிரம். மிச்சத்த வெச்சுக்க."

"மிச்சம் எனக்கு எதுக்கு? உன்கிட்ட தானம் கேட்டேனா? இருபத்தேழாயிரத்து ஐந்நூத்தி அறுபது."

"சில்லற இல்ல."

"முக்குல புகையிலைக் கடை இருக்கு."

நாற்பது வயதில், பதினான்கு மேஜைக்கு முதலாளி, மாடிப்படி இறங்கிப் போனேன். சில்லறைக்காக எனக்குப் பிடிக்காத சிகரெட் ஒன்று வாங்கினேன். கடைக்காரக் கிழவி ஒவ்வொரு காசையும் மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துக் கொடுத்தாள். திரும்பி வந்து, அதே உறையில் சரியான தொகையைப் போட்டு ஒட்டி நீட்டினேன்.

"உறை வேணாம்" என்றான். "உன் உறைக்குள்ள போனா காசு கொறையுது. கோடு பிசகினதுக்கு இவ்வளவு பிடித்தம், தாமதத்துக்கு இவ்வளவு பிடித்தம்னு உள்ள ஒரு சீட்டு வேற. அஞ்சு வருஷம் பாத்துட்டேன். எடுத்து எண்ணு. என் கையில."

"வெறுங்கையில காசு வைக்கறதா? தெருவுல நிக்கறவனுக்குப் போடற மாதிரி? நான் அப்படி யாருக்கும் குடுத்ததில்ல."

"அப்ப கெளம்பு. உன் ரயில்வே கேட்டு மாதிரி ஒண்ணு வரைஞ்சு அனுப்பு."

ஃபுசயே சொன்னது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு வீட்டில் கேட்டதற்கு, தேநீர் ஆறுகிறது என்றாள்.

அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். பையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வலது உள்ளங்கையை விரித்து, அவசரமில்லாமல், என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினான். தழும்பு எல்லாம் தெரிந்தது. அந்தக் கை துளியும் நடுங்கவில்லை.

உறையைக் கிழித்தேன்.

"சத்தமா" என்றான்.

"பத்தாயிரம். இருபது. இருபத்தஞ்சு. இருபத்தாறு. இருபத்தேழு." நோட்டின் மேல் ஐந்நூறு நாணயத்தை வைத்தேன். ஐம்பதை வைத்தேன். பத்து யென் மட்டும் கிழிந்த உறையின் மூலையில் மாட்டிக்கொண்டது. தோண்டி எடுக்கும்வரை விரித்த கை அப்படியே நின்றது. எடுத்தேன். அதையும் வைத்தேன்.